ஒரகடம் சாலை – 11: சொர்க்கவாசலுக்கு இரண்டு தீர்ப்பு

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை ‘சொர்க்கவாசல்’ படம் வெளியானது. மறுநாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விமர்சகர்கள் மழைக்கு முன்பே படத்தைப் பார்த்து எழுதி முடித்துவிட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆலைத் தொழிலாளர்களுக்கு அப்படி வாய்க்கவில்லை. வார ஓய்வு கிடைத்தால் பூந்தமல்லிக்கோ காஞ்சிபுரத்துக்கோ தாம்பரத்துக்கோ போய்ப் படம் பார்ப்பவர்கள் அவர்கள். அந்த ஓய்வு நாளை மழை கொண்டுபோய்விட்டது. நான் பேசியவர்களில் பலர் டிசம்பர் 27-ல் படம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபிறகுதான் பார்த்தார்கள். அறையில் யாரோ ஒருவர் கட்டிய சந்தா, ஒரு செல்போன், சுவரில் சாய்ந்தபடி நான்கு பேர். நைட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்வரை பாதி, மறுநாள் மீதி.

படத்தின் கதை நடப்பது 1999-ல், சென்னை மத்திய சிறையில். அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று அங்கே உண்மையிலேயே பெரும் கலவரம் நடந்தது. பாக்ஸர் வடிவேலு என்ற கைதி இறந்த செய்தி உள்ளே பரவியதும் சிறை கொந்தளித்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் எரித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் செத்தார்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த அந்தச் சிறையின் கைதிகளை 2006-ல் புழலுக்கு மாற்றினார்கள். 2009-ல் கட்டடத்தை இடித்தார்கள். அறிமுக இயக்குநர் சித்தார்த் விஸ்வநாத், ‘பேட்டை’ நாவலாசிரியர் தமிழ்ப்பிரபா உள்ளிட்டவர்களோடு சேர்ந்து, அந்தச் சம்பவத்தின் மேல் ஒரு கற்பனைக் கதையைக் கட்டினார். சாலையோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பார்த்தி (ஆர்.ஜே. பாலாஜி) செய்யாத கொலைக்காக உள்ளே போகிறான். உள்ளே தாதா சிகாமணியாகச் செல்வராகவன், கண்காணிப்பாளராக ஷராஃபுதீன், ஜெயிலராகக் கருணாஸ். கலவரம் முடிந்தபின் விசாரணை அதிகாரியான நட்டியின் முன்னால் ஒவ்வொருவரும் தன் பங்கைச் சொல்லச் சொல்லக் கதை விரிகிறது.

விமர்சகர்கள் சூழலையும் நடிப்பையும் பாராட்டினார்கள். அதுவரை பெரும்பாலும் சிரிக்க வைத்தே பழக்கப்பட்ட பாலாஜி இவ்வளவு அடங்கி நடித்தது பலருக்கும் ஆச்சரியம். குறை சொன்னவர்கள், பாத்திரங்கள் அதிகம், யாரோடும் மனம் ஒட்டவில்லை என்றார்கள். சினிமா பற்றி எழுதும் என் நண்பர் ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்: “சிறைப் படம்னா உள்ளே போனவன் தப்பிக்க ஒரு திட்டம் போடணும். நம்ம மனசு அதுக்குப் பின்னாடியே ஓடணும். இவன் சும்மா இருக்கான்.”

இதை அப்படியே வல்லம் வடகாலில் ஒரு டீக்கடையில் சொன்னேன். செய்யாறு பக்கத்திலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி உடனே மறுத்தார். “அவன் என்னண்ணா பண்ணுவான்? வக்கீலுக்குக் காசு இல்ல. பெயில் வரும்னு சொல்றாங்க, வரல. உக்காந்துதான் இருக்கணும். எங்க ஊர்ல ஒருத்தன் அப்படித்தான் இருந்தான்.”

என் நண்பரைவிட இந்தத் தம்பியே படத்தைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள்; நால்வரில் மூவருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. அவர்களுக்குச் சிறை என்பது சுவரைவிட அதிகமாக வாய்தா தேதி. அடுத்த வாய்தாவில் வெளியே போகலாம் என்று நம்புகிறவன் சுரங்கம் தோண்டமாட்டான். பார்த்தியின் அந்தச் சும்மா இருத்தல் திரைக்கதையின் சோம்பல் இல்லை. படத்தில் மிக நேர்மையான இடம் அதுதான்.

தப்பித்தவர்கள் இல்லாமல் இல்லை. 1995 ஆகஸ்டில் வேலூர்க் கோட்டைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் அது. அவர்கள் இயக்கக் கட்டுப்பாட்டில் பழகியவர்கள். 1990 ஆகஸ்டில் தொடர் கொலையாளி ஆட்டோ சங்கர் தப்பியது இதே சென்னை மத்திய சிறையிலிருந்து. அதற்குக் கைகொடுத்தவர்கள் வார்டர்கள். பிறகு ஒடிசாவில் ரூர்கேலாவில் பிடித்தார்கள். ஒன்றுக்கு அமைப்பு பலம் இருந்தது, இன்னொன்றுக்கு உள்ளே ஆள் இருந்தது. சாப்பாட்டுக் கடைக்காரனுக்கு இரண்டும் கிடையாது.

சாமானியன் சிறையை உடைப்பதில்லை என்பதைத் தமிழ் சினிமா ஓரளவு உணர்ந்தே வந்திருக்கிறது. ‘விருமாண்டி’யில் (2004) சிறைக் கலவரம் வெடிக்கும்போதுகூட நாயகனின் வேலை, பேட்டி எடுக்க வந்த பெண்ணைக் காப்பாற்றுவது. ‘கைதி’யில் (2019) டில்லி தண்டனை முடிந்து முறையாக வெளியே வருகிறான். போலீஸ் கமிஷனர் அலுவலகத்தை உடைத்து உள்ளே வரப் பார்ப்பது ரவுடிக் கூட்டம். அவர்கள் தலைவன் உள்ளே லாக்கப்பில். உடைப்பைத் தடுப்பவர் அன்றுதான் பணியில் சேர வந்த ஒரு வயதான கான்ஸ்டபிள். ‘கைதி’ இந்தப் பகுதியில் இன்றும் எல்லோருக்கும் பிடித்த படம். ஒரே ராத்திரியில் முடியும் கதை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்; நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு விடியற்காலை மூன்று மணி எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘சொர்க்கவாசல்’ பற்றி இங்குள்ள பெண் தொழிலாளர்கள் சொன்னது வேறு. அவர்கள் பேசியது சோற்றைப் பற்றி. சமையல் தெரிந்தவன் சிறைக்குள் போனால் என்ன நடக்கும், சாப்பாட்டை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் கூர்ந்து கவனித்திருந்தார்கள். எனக்கு வியப்பில்லை. 2021 டிசம்பரில், இந்தப் பகுதி ஆலை ஒன்றின் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனைக்குப் போனபின், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அவர்களின் தோழிகள் விடிய விடிய உட்கார்ந்து போராடினார்கள். ஆலை விடுதியும் சிறையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பெண்களும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பேருக்கு ஒரே அண்டாவில் பொங்கிப் போடும் இடத்தில் கோபம் எங்கிருந்து கிளம்பும் என்று அவர்களுக்குத் தெரியும். விமர்சனங்களில் நான் தேடிப் பார்த்தேன். கலவரக் காட்சியைப் பற்றி எழுதிய அளவுக்குச் சமையற்கட்டைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

விமர்சகர்கள் சொன்னதில் ஒன்றை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். படம் ஆட்களை அடுக்கிக்கொண்டே போகிறது. ஷோபாசக்தி, பாலாஜி சக்திவேல் என்று ஒவ்வொரு முகமும் தனிக் கதை கேட்கிறது, எதற்கும் நேரமில்லை. அதில் அதிகம் நஷ்டப்பட்டது பார்த்தியின் காதலி ரேவதி (சானியா ஐயப்பன்). நெமிலிச்சேரியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு பெண் இதைச் சொன்னபோது குரலில் வருத்தம் இருந்தது. அவருடைய அண்ணன் கொஞ்ச காலம் புழலில் இருந்தவர்.

“அண்ணனை மனு பார்க்கப் போனா காலையிலயே போய் நிக்கணும் சார். அம்மா லீவு போடணும், நான் லீவு போடணும். உள்ள கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்க, சுத்தி எல்லாரும் கத்துறாங்க, ஒண்ணுமே கேக்காது. அதைக் கொஞ்சம் அதிகமா காட்டியிருக்கலாம். உள்ள இருக்கிறவன் கதைய எல்லாரும் எடுக்கிறாங்க.”

லீவு போட்ட நாளுக்குச் சம்பளம் பிடித்தார்களா என்று கேட்டேன். பிடித்தார்கள், அட்டெண்டன்ஸ் போனஸும் போயிற்று என்றார். பிறகு படத்துக்கே திரும்பிவந்து, செல்வராகவன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகள் மட்டும் தனக்கு ரொம்பப் பிடித்தன என்றும், அண்ணனிடம் இதுவரை படத்தைக் காட்டவில்லை என்றும் சொன்னார்.