எங்கே வலிக்குது கண்ணு?

காலை ஏழரை மணி. யூனிஃபார்ம் போட்டாயிற்று, டிபன் பாக்ஸ் பைக்குள் போயிற்று, வேன் வரப் பத்து நிமிடம் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் சோபாவில் சுருண்டு படுத்துக்கொள்கிறான். "வயிறு" என்கிறான். எங்கே என்று கேட்டால் வயிறு முழுக்கக் கையைத் தேய்க்கிறான். எப்படி வலிக்குது என்று கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான். ஸ்கேன் பார்த்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, ரிப்போர்ட் நார்மல். போதாக்குறைக்கு, சனி ஞாயிறில் வலி அவ்வளவாக இருப்பதில்லை. பாட்டி தீர்ப்பே எழுதிவிடுகிறார்: "மட்டம் போட நாடகம் ஆடுறான்."

ஆட்டிசம் உள்ள பிள்ளை வளரும் பல வீடுகளில் இது பழகிய காட்சி. பாட்டியைக் குறை சொல்ல வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு வலியே அவ்வளவாக உறைக்காது என்று மருத்துவர்கள் பலரும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் அழுவதில்லை, அடிபட்டால் அம்மாவிடம் ஓடிவருவதில்லை. இதுதான் அவர்களுக்கு ஆதாரம். 2004-இல் கனடா ஆய்வாளர்கள் சிலர், ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போது இந்தக் குழந்தைகளின் முகத்தைக் கூர்ந்து கணக்கெடுத்தார்கள். வலி முகத்தில் தெளிவாகவே இருந்தது. 'இவனுக்கு வலி தெரியாது' என்ற பெற்றோர் கணிப்புதான் அந்த முகத்தோடு ஒத்துப்போகவில்லை.

வலி இருக்கிறது, சரி. அது வாய்வரை ஏன் வந்து சேர்வதில்லை?

'நான் பசிக்கிறேன்' என்று தமிழில் யாரும் சொல்வதில்லை. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். பசி, தாகம், வலி எல்லாம் நமக்கு வந்து சேர்பவை என்று நம் இலக்கணம் கணக்கு வைத்திருக்கிறது. அவை வந்து சேரும் பாதைக்கு அறிவியல் ஒரு தனிப் புலனின் இடத்தையே கொடுத்திருக்கிறது. 1906-இல் சார்லஸ் ஷெரிங்டன் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் 'இன்டரோசெப்டிவ்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: உடம்பின் உள்நிலவரத்தை அறியும் புலன். 'உள்ளுணர்வு' என்று தமிழாக்கலாம் என்றால், அந்தச் சொல்லை வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். 'அகப்புலன்' என்று வைத்துக்கொள்வோம். குடல், இதயம், சிறுநீர்ப்பை ஆகியவற்றின் செய்திகள் நரம்புகள் வழியே மூளைக்கு ஏறி, இன்சுலா என்ற மடிப்பில் கூடுகின்றன. லத்தீனில் அதற்குத் தீவு என்று பொருள். வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பில், ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இழைகள் கீழிருந்து மேலே செய்தி அனுப்புபவை. மூளை வயிற்றுக்குக் கட்டளையிடுவதைவிட வயிறு சொல்வதைக் கேட்பதே அதிகம்.

சாரா கார்ஃபிங்கலும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. மணிக்கட்டைத் தொடாமல் உங்கள் இதயத்துடிப்பை எண்ணுங்கள் என்றார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், தங்கள் உடம்பு தங்களுக்கு நன்றாகவே கேட்கிறது என்று நம்பினார்கள், எண்ணிக்கையோ தப்பியது. நம்பிக்கைக்கும் எண்ணிக்கைக்கும் இடைவெளி கூடக்கூட, அவர்களின் பதற்றமும் கூடுதலாக இருந்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள், எந்தக் கதவு என்று தெரியவில்லை. ராத்திரியில் அப்படி ஒரு சத்தம் கேட்டால் நமக்கே தூக்கம் போய்விடும்.

சொல் விஷயம் இன்னொன்று. நம் மொழியில் வலிக்குச் சொல் பஞ்சமில்லை: குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், 'சுருக்', 'விண்விண்'. இவற்றைக் குழந்தை எப்படிக் கற்கிறது? முட்டி சிராய்க்கிறது, ரத்தம் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது, அம்மா ஊதிவிட்டு "எரியுதா?" என்கிறாள், சொல் தோலில் ஒட்டிக்கொள்கிறது. குடலுக்குள் நடப்பதை யார் பார்த்துப் பெயர் வைப்பது? ஓயாத பேச்சில், ஊகத்தில், நாளாவட்டத்தில் அமைவது அது. பேச்சும் பரிமாற்றமும் வேறு தடத்தில் போகும் பிள்ளைக்கு அந்தப் பாடம் பாதி விட்டுப்போகிறது.

பயத்துக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. 'வயிற்றில் புளியைக் கரைக்குது' என்பது உடலியல் குறிப்பாகவே எழுதத்தக்கது: பயம் வந்தால் ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, இரைப்பை வேலையை மெதுவாக்குகிறது, பெருங்குடல் முறுக்கிக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஏதோவொரு பதற்றக் கோளாறு இருப்பதாக 2011-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வலி குறைவது நாடகத்துக்குச் சாட்சி ஆகாது. அன்று மணிச்சத்தம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் "எல்லாம் டென்ஷன்" என்று முடித்துவிடுவது அடுத்த தவறு. பல வீடுகளில் குற்றவாளி மலச்சிக்கல். பள்ளிக் கழிப்பறையில் எதிரொலி, ஃபினாயில் நெடி, கொண்டி இல்லாத கதவு. பிள்ளை அடக்குகிறான். அடக்கிய மலத்திலிருந்து பெருங்குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்க, அது கல்லாகிறது. அடுத்த முறை போனால் கிழிகிற வலி. ஆகவே இன்னும் அடக்குகிறான். நாள்கணக்கில் விரிந்துபோன மலக்குடல், 'நிறைந்துவிட்டேன்' என்ற செய்தியையே சரியாக அனுப்பாது. அகப்புலன் ஏற்கெனவே மங்கல்; இப்போது அனுப்பும் இடமும் மௌனம். பிறகு, கெட்டியான மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்மலம் ஜட்டியில் கசிகிறது. வீட்டில் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்த மருந்து கொடுக்கிறார்கள்! தலைகீழ் வைத்தியம். 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, மற்றப் பிள்ளைகளைவிட இவர்களுக்குக் குடல் தொந்தரவுகள் நான்கு மடங்குக்கும் மேல்.

எனவே முதலில் உடம்பைத் தேடுங்கள். சொத்தைப் பல், காது, நெஞ்செரிச்சல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, வளர்ந்த பெண் பிள்ளை என்றால் மாதவிடாய். திடீரென்று தலையை முட்டிக்கொள்ளும் பிள்ளைக்குக் 'குணம் மாறிவிட்டது' என்பதற்குமுன் காதையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

வலியை அளக்கச் சிரிப்பிலிருந்து அழுகைவரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று ஆஸ்பத்திரிகளில் உண்டு. 1980-களில் அமெரிக்காவின் டல்சா நகரில் வோங், பேக்கர் என்ற இருவர் உருவாக்கியது. எத்தனையோ குழந்தைகளுக்கு உதவியது. நம் பையன் அதைப் பார்த்து, "நான் அழவில்லையே" என்று சிரிக்கும் முகத்தைத் தொடக்கூடும். அவன் பொய் சொல்லவில்லை, படத்தைச் சரியாகப் படிக்கிறான். ஓர் உடம்பு வரைந்து கையில் பென்சில் கொடுங்கள். குண்டூசியா, கல்லா, தீயா என்று பொருளாகவே கேளுங்கள். நல்ல நாளிலும் "இப்போ வயிறு எப்படி இருக்கு?" என்று ஒருமுறை கேட்டுப் பழக்குங்கள், வலிக்கும் நேரத்தில் பத்து முறை கேட்டுத் துளைக்காதீர்கள். "வலிக்குதுன்னு நம்புறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும். சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும். அந்த நேரத்தில் காலுக்கு ஒரு முக்காலி போட்டு ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்காரவைத்துப் பாருங்கள். பள்ளியில், ஆளில்லாத நேரத்தில் கழிப்பறைக்குப் போக அனுமதி கேளுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ரிப்போர்ட் ஃபைலோடு, வலி வரும்போது செல்போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். கிளினிக்கில் அவன் சும்மாதான் உட்கார்ந்திருப்பான். கடைசியாக எந்தெந்த நாளில் மலம் கழித்தான் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்பார்.