எல்லா நாரி நோவும் போர் தந்ததல்ல

“செல் துண்டு உள்ளுக்குக் கிடக்குது டொக்டர். அதுதான் நோகுது.”

வன்னியில் கிளினிக் செய்யும் ஒரு வைத்தியர் இந்த வார்த்தையைக் கேட்காமல் ஒரு கிழமை கழியாது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். பங்கருக்குள் விழுந்தவர்கள், காயப்பட்டவர்களைத் தூக்கி ஓடியவர்கள், மூட்டை முடிச்சோடு இடத்துக்கு இடம் நடந்தவர்கள் என்று எங்கள் சனத்தின் முதுகுகளுக்குப் போர் நிறையவே செய்திருக்கிறது. ஆனால் எந்த நோவுக்கும் காரணம் முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்று நினைப்பதில் ஓர் ஆபத்து உண்டு. அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் ஐயா. 2009 இல் தொடையில் காயப்பட்டவர். துண்டு இன்னமும் உள்ளே இருக்கிறது. நாரிக்குக் கீழே, இருக்கும்போது நிலத்தில் படுகிற இடத்தில் இரண்டு வருடமாக உழைவு. கதிரையில் இருந்தால் கூடும், இரவில் நித்திரையைக் குழப்பும். மலம் கழிப்பதும் கஷ்டம் என்றார். மூலவியாதி என்று சொல்லி வேறிடத்தில் மருந்து எடுத்திருந்தார். நானும் செல் துண்டின் கதையைக் கேட்டு, வலிக்குளிசை எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஆறு மாதத்தின் பின் திரும்பி வந்தபோது சலம் கழிக்கவும் சிரமப்பட்டார். அன்றுதான் மலவாசல் வழியாக விரலால் சோதித்துப் பார்த்தேன். பின்பக்கமாக, எலும்போடு ஒட்டிய ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு நிமிடம் எடுக்கும் சோதனை. அவருக்கும் வெட்கம், எனக்கும் அவசரம். அதனால் ஆறு மாதம் போய்விட்டது.

அது ‘கோர்டோமா’ என்ற அரிய எலும்புப் புற்றுநோய். நாங்கள் தாயின் வயிற்றில் கருவாக இருக்கும்போது முதுகின் நடுவே ‘முதுகுநாண்’ என்றொரு மெல்லிய தண்டு இருக்கும். முள்ளந்தண்டு உருவானதும் அது மறைந்துவிடும். சிலரில் அதன் எச்சங்கள் தங்கி, பல வருடங்களுக்குப் பின் கட்டியாகலாம். பாதியளவு கோர்டோமாக்கள் முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்பில்தான் வருகின்றன. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வரும் நோய் இது. பழைய காயமோ சுமந்த பாரமோ இதற்குக் காரணம் என்று எந்த ஆதாரமும் இல்லை.

எல்லாக் கட்டியும் ஒன்றல்ல

முள்ளந்தண்டில் காணப்படும் புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை அங்கே தொடங்கியவை அல்ல. மார்பு, சுவாசப்பை, சிறுநீரகம், தைரொயிட், புரஸ்டேட் போன்ற இடங்களிலிருந்து பரவி வந்தவை. எலும்பிலேயே தொடங்குபவை அரிதானவை. அவற்றிலும் புற்றுநோய் அல்லாதவை உண்டு.

இளம் பிள்ளைகளில் வரும் ‘ஒஸ்ரியொயிட் ஒஸ்ரியோமா’ இரண்டு சென்ரிமீற்றருக்கும் குறைந்த சிறு கட்டி. இரவில் கடுமையாக நோகும். அஸ்பிரின், ஐபுபுரூபன் போன்ற மாத்திரைக்குச் சட்டென்று அடங்கும். சில வேளை முதுகையே ஒரு பக்கம் வளைத்துவிடும். ‘இராட்சதக் கலக் கட்டி’ பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்காரருக்கு வருவது. சிறுவர்களிலும் இளைஞரிலும் வரும் ‘ஈவிங் சார்கோமா’ கொடியது. ஆனால் மருந்துக்குக் கட்டுப்படக்கூடியது.

எதைக் கண்டால் தாமதிக்கக் கூடாது

சாதாரண நாரிப்பிடிப்பு ஓய்வெடுத்தால் குறையும், சில கிழமைகளில் ஆறும். படுத்தாலும் குறையாமல் இரவில் எழுப்புகிற நோ, மாதக்கணக்கில் கூடிக்கொண்டே போகிற நோ, காரணமில்லாமல் உடல் மெலிதல், ஏற்கனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக வரும் முதுகு நோ, பிள்ளைகளின் தொடர்ச்சியான முதுகு நோ ஆகியவற்றைச் சோதித்தே ஆகவேண்டும்.

கால் பலமிழத்தல், இருக்கும் இடம் விறைத்தல், சலமோ மலமோ அடைத்தல் அல்லது கட்டுப்பாடின்றிப் போதல் இருந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய வைத்தியசாலைக்குப் போங்கள். முண்ணாண் நசிபடும்போது மணித்தியாலங்கள்கூடப் பெறுமதியானவை. நடக்க முடிகிற நிலையில் வருபவரைத்தான் தொடர்ந்து நடக்கவைப்பது இலகு.

எக்ஸ்றேயும் ஸ்கானும்

எக்ஸ்றே நன்றாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. எலும்பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் அரிக்கப்பட்ட பிறகுதான் பல வேளை அதில் தெரியும். முன்னிருந்து எடுத்த படத்தில் ஒவ்வொரு முள்ளென்பும் இரண்டு கண்களுள்ள முகம்போல இருக்கும். ஒரு கண் காணாமற் போயிருந்தால் அது எச்சரிக்கை.

எங்கள் நாட்டில் முள்ளந்தண்டுக் காசநோயையும் மறக்கக் கூடாது. அது பொதுவாக இரண்டு முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள தட்டையும் சேர்த்து அழிக்கும். கட்டிகள் பெரும்பாலும் தட்டை விட்டுவிடும். இருந்தாலும் ஸ்கானைப் பார்த்து மட்டும் முடிவெடுக்க முடியாது.

அடுத்தது எம்.ஆர்.ஐ. அது ஒரு பெரிய காந்தம். உடம்பில் உலோகத் துண்டு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எப்படிக் காயப்பட்டது என்று கேட்பார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இயந்திரத்துக்கு இரும்பு எங்கே கிடக்கிறது என்பதுதான் தேவை, எப்படி வந்தது என்பதல்ல. கண், முண்ணாண், பெரிய இரத்தக் குழாய்களுக்கு அருகில் இருந்தால் ஆபத்து. தசைக்குள் பல வருடமாகத் தழும்போடு இறுகிக் கிடக்கும் துண்டுள்ள பலருக்கு ஸ்கான் செய்ய முடிகிறது. முன்கூட்டியே எக்ஸ்றே எடுத்துக் கதிரியல் நிபுணர் முடிவு செய்வார். முடியாவிட்டால் சி.ரி. ஸ்கான் இருக்கிறது.

ஊசி குத்தினால் பரவுமா?

பயொப்சி என்றதும் “ஊசி பட்டால் பரவும்” என்று குடும்பத்தவர் மறுப்பதுண்டு. இந்தப் பயத்துக்குள் ஒரு சிறு உண்மை இருக்கிறது. இவ்வகைக் கட்டிகளில் ஊசி போன பாதையில் கலங்கள் ஒட்டக்கூடும். அதனால்தான் பின்னர் சத்திரசிகிச்சை செய்யப்போகும் நிபுணரே ஊசி போகும் வழியைத் தீர்மானிக்க வேண்டும். அந்தப் பாதையையும் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுப்பார்கள். பயொப்சியைத் தவிர்ப்பதுதான் பெரிய ஆபத்து. பெயர் தெரியாத கட்டிக்குச் சிகிச்சை செய்ய முடியாது.

சிகிச்சை

ஒஸ்ரியொயிட் ஒஸ்ரியோமாவை ஊசிமுனை வெப்பத்தால் சுட்டழிக்கலாம். இராட்சதக் கலக் கட்டியைச் சுருக்க ‘டெனொசுமாப்’ ஊசி உதவுகிறது. ஈவிங் சார்கோமாவுக்கு முதலில் மருந்துச் சிகிச்சை. கோர்டோமாவுக்கு அந்த மருந்துகள் பெரிதாக வேலை செய்வதில்லை. கட்டியை உடைக்காமல், சுற்றியுள்ள நல்ல இழையத்தோடு ஒரே துண்டாக எடுப்பதே முதன்மைச் சிகிச்சை. அதன் பின்னரோ, எடுக்க முடியாவிட்டால் அதற்குப் பதிலாகவோ உயர் அளவுக் கதிர்ச்சிகிச்சை. புரோட்டோன் கதிர் இதற்கு ஏற்றது. எமக்கு அண்மையில், சென்னையில் 2019 முதல் அவ்வசதி இருக்கிறது. செலவோ மிகப் பெரிது.

திருவென்பை வெட்டும்போது சலத்தையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் நரம்புகளும் போகலாம். எந்த நரம்பை விடலாம், எதைக் காப்பாற்றலாம் என்பது கட்டி எவ்வளவு உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. சத்திரசிகிச்சைக்கு முன் இதை வெளிப்படையாகப் பேசவேண்டும். அந்த ஐயாவிடம் சொன்னபோது நீண்ட நேரம் யோசித்தார். “நடப்பன்தானே?” என்று மட்டும் கேட்டார்.

நடக்கிறார். சலத்தை ஒரு குழாய் போட்டுத் தானே எடுக்கிறார். கோர்டோமா பல வருடங்களின் பின்னும் திரும்பக்கூடியது என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கானுக்கு வருகிறார். அந்த ஆறு மாதத்தைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது செல் துண்டைப் பற்றிச் சொல்லுங்கள். அதோடு நோ எப்போது தொடங்கியது, இரவில் எழுப்புகிறதா, மலசலம் எப்படிப் போகிறது என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.