பழைய மண்டபமும் புதிய விடுதியும்

கல்விக் கழகம் ஒன்றின் ஆயுள் அதன் கட்டடங்களின் ஆயுளிலும் பார்க்க நீண்டது. கட்டடம் முதுமை எய்தும், மாணாக்கர் தொகை பெருகும், நிலமோ பெருகுவதில்லை. ஆதலின், பழைய மண்டபம் ஒன்றை இடித்து அவ்விடத்தில் மாணவர் விடுதி எழுப்பலாமா என்னும் வினா, நீண்ட வரலாறுடைய எப்பல்கலைக்கழகத்திலும் ஒருநாள் எழுந்தே தீரும். ஒரு சாரார், "முன்னோர் கட்டியதை அழிப்பது நன்றி மறத்தலாகும்" என்பர். மறு சாரார், "சுவரைக் காப்பதற்காக மாணவனை வாயிலில் நிறுத்துவது கல்வியாகாது" என்பர். இரு கூற்றினுள்ளும் உண்மை உண்டு. எக்கூற்று எவ்விடத்துப் பொருந்தும் என்பதே ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குத் தகுந்த சான்றாக அமைவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கனெக்ரிக்கட் மாநிலத்து நியூ ஹேவன் நகரிலுள்ள யேல் பல்கலைக்கழகம். முந்நூறு ஆண்டுகளாக அக்கழகம் இவ்வினாவை மீண்டும் மீண்டும் எதிர்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக விடை கண்டுள்ளது. அவ்விடைகளுட் சில நல்லன. சில பின்னர் வருந்துதற்கு இடமளித்தன.

சென்னையிற் சேர்ந்த செல்வம்

யேலின் தொடக்கம் தமிழ் நிலத்தோடு தொடர்புடையது என்பது பலர் அறியாத செய்தி. 1701ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அக்கல்லூரி, 1716இல் நியூ ஹேவனை நிலையான இடமாகத் தெரிந்தெடுத்தது. அங்குக் கட்டடம் எழுப்பப் பொருள் போதவில்லை. அவ்வேளையில் உதவி வேண்டப்பட்டவர் எலைகு யேல் என்பவர். கிழக்கிந்தியக் கும்பனியின் ஊழியராக 1672இல் சென்னைக்கு வந்த அவர், 1687 முதல் 1692 வரை புனித ஜோர்ஜ் கோட்டையின் ஆளுநராக விளங்கியவர்; உத்தியோகத்தாலும் சொந்த வாணிகத்தாலும் பெருஞ்செல்வம் ஈட்டி இங்கிலாந்துக்கு மீண்டவர். 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்குகள் விற்கப்பட்டபோது 560 பவுணுக்கு மேற் கிடைத்தது. அவற்றோடு 417 நூல்களையும் முதலாம் ஜோர்ஜ் மன்னரின் படம் ஒன்றையும் அவர் அளித்தார். நன்றிக்கடனாகக் கல்லூரி அவர் பெயரை ஏற்றது.

அப்பெயர் முதலிற் சூட்டப்பட்டது மாணவர் தங்குவதற்கும் கற்பதற்குமென மரத்தால் அமைக்கப்பட்ட, மூன்று மாடிகளையுடைய நீண்ட கட்டடம் ஒன்றுக்கேயாகும். கட்டடத்தின் பெயரே பின்னர் கழகத்தின் பெயராயிற்று. ஆயின் அக்கட்டடம் இன்று இல்லை. பழுதடைந்து, பகுதி பகுதியாக இடிக்கப்பட்டு, 1782இல் அது முற்றாக மறைந்தது. பெயர் நிலைத்தது, பெயர் பெற்ற வீடு நிலைக்கவில்லை.

செங்கல் வரிசையின் கதை

மர வீட்டுக்கு அடுத்து எழுந்தது கனெக்ரிக்கட் மண்டபம் என்னும் செங்கற் கட்டடம். 1750இல் தொடங்கிய அதன் வேலை சில ஆண்டுகளில் நிறைவெய்தியது. அதுவும் மாணவர் விடுதியே. அமெரிக்க விடுதலைப் போரில் உயிர் நீத்த நேதன் ஹேல் மாணவராக இருந்தபோது வாழ்ந்தது அங்கேதான். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அதன் இரு மருங்கிலும் விடுதிகளும் வழிபாட்டு மண்டபங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. நகரப் பசுந்திடலை நோக்கி ஒரே நேர்கோட்டில் நின்ற அவை "பழைய செங்கல் வரிசை" எனப் பெயர் பெற்றன.

அவ்வரிசை முழுமையாக நிலைக்கவில்லை. 1870ஆம் ஆண்டளவில் கல்லூரியார் புதிய திட்டம் ஒன்றை வகுத்தனர். நிலத்தின் நடுவே வரிசையாக நிற்கும் கட்டடங்களை அகற்றி, நிலத்தின் ஓரங்களிற் புதிய விடுதிகளை எழுப்பி, நடுவே முற்றம் அமைப்பதே அத்திட்டம். ஒரே பரப்பில் அதிக மாணவருக்கு அறை கிடைக்கும். தெருவின் இரைச்சலும் உட்புகாது. இத்திட்டப்படி பாணம் விடுதி, டேர்பி விடுதி, வாண்டபில்ற் விடுதி முதலியன தோன்றின. பழைய வரிசை ஒவ்வொன்றாக வீழ்ந்தது. 1901இன் பின் எஞ்சியது கனெக்ரிக்கட் மண்டபம் ஒன்றே. அதனையும் அகற்றுவதே முதல் எண்ணம். பழைய மாணவர் சிலரும் ஆசிரியர் சிலரும் முயன்றமையால் அது தப்பியது. 1905இல் அதன் கூரை பழைய வடிவில் மீண்டும் அமைக்கப்பட்டது.

அன்று அதனைக் காத்தவர்கள் காத்தது இளமை நினைவுக்காக. நேதன் ஹேலின் புகழுக்காக. ஆயின் அம்மண்டபத்தின் முழுப் பொருள் ஒரு நூற்றாண்டு கழிந்தே வெளிப்பட்டது. யேலுக்கும் அடிமை முறைக்கும் இருந்த தொடர்பைப் பல்கலைக்கழகமே ஆராயத் தொடங்கியபோது, கனெக்ரிக்கட் மண்டபத்தைக் கட்டியவர்களுள் அடிமைகளும் இருந்தனர் என்பது பழைய கணக்கேடுகளால் உறுதியாயிற்று. வரலாற்றாசிரியர் டேவிட் பிளைற் தலைமையில் நடந்த அவ்வாராய்ச்சி 2024இல் நூலாக வெளிவந்தது. அவ்வாண்டு பெப்ருவரியில் பல்கலைக்கழகம் முறைப்படி மன்னிப்புக் கோரியது. கும்பனியார் சென்னையிலிருந்து அடிமைகளைக் கப்பலேற்றிய காலத்தில் எலைகு யேல் அங்கு அதிகாரத்தில் இருந்தவர் என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

ஏடு மட்டும் இருந்திருப்பின் அச்செய்தி ஏட்டோடு நின்றிருக்கும். சுவர் நிற்பதனால், "இச்செங்கற்களை அடுக்கிய கைகள் யாருடையவை" என்று இன்றைய மாணவன் தொட்டுப் பார்த்து வினவ முடிகிறது. 1900இல் அதனை இடிக்க எண்ணியோரும் சரி, காக்க முனைந்தோரும் சரி, அதன் இப்பொருளை அறிந்திலர். ஒரு கட்டடம் எதற்குச் சான்று என்பதை அதனை இடிக்கும் தலைமுறை முழுமையாக அறிவதில்லை. இடித்தபின் வரும் தலைமுறை அறியவும் வழியில்லை.

அருங்காட்சியகம் இழந்த இடம்

1917இல் நிகழ்ந்தது வேறு வகையான பாடம். அரிய உயிர்ச்சுவடுகளுக்குப் புகழ்பெற்ற பீபொடி அருங்காட்சியகத்தின் முதற் கட்டடம் 1876இல் திறக்கப்பட்டது. அது நின்ற இடம் புதிய விடுதித் தொகுதிக்கு வேண்டப்பட்டது. மறைந்த தம் மைந்தர் சார்ள்ஸ் ஹார்க்னெஸின் நினைவாக அன்னா ஹார்க்னெஸ் அம்மையார் அளித்த பெருங்கொடையால் அத்தொகுதி உருவாகியது. அருங்காட்சியகம் இடிக்கப்பட்டது. 1921இல் நினைவு நாற்சதுக்கம் என்னும் அழகிய விடுதித் தொகுதியும், 216 அடி உயரமுள்ள மணிக்கோபுரமும் எழுந்தன.

விடுதி எழுந்தது, அருங்காட்சியகமோ உடனே எழவில்லை. முதலாம் உலகப் போர் இடைப்பட்டது. பல்லாண்டு உழைத்துத் தேடிய எலும்புச் சுவடுகள் பெட்டிகளுட் கிடந்தன. புதிய அருங்காட்சியகம் வேறோர் இடத்தில் 1925இலேயே திறக்கப்பட்டது. மாணவர் தங்க இடம் பெற்ற அவ்வாண்டுகளில், அவர்கள் காணவேண்டிய பொருள்கள் கண்ணுக்கு மறைந்திருந்தன. பழையதன் பணிக்குப் புதிய இடம் வகுக்காது பழையதை அகற்றுதல் எத்துணை இழப்பைத் தரும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இணைத்துக் கட்டிய முறை

1930ஆம் ஆண்டளவில் எட்வேட் ஹார்க்னெஸ் வழங்கிய கொடை யேலின் வாழ்க்கை முறையையே மாற்றியது. மாணவர் தொகை பெருகியதனால் ஆசிரியரும் மாணவரும் ஒருவரையொருவர் அறியாத நிலை ஏற்பட்டிருந்தது. ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகங்களின் முறையைத் தழுவி, உணவுக் கூடமும் நூலகமும் முற்றமும் உடைய சிறு கல்லூரிகளாக விடுதிகளை வகுப்பதே அதற்குக் கண்ட மருந்து. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கம்பிள் றொஜேஸின் திட்டப்படி 1933இல் ஏழு கல்லூரிகள் திறக்கப்பட்டன. முன்னர்க் கூறிய நினைவு நாற்சதுக்கமே அவற்றுள் இரு கல்லூரிகளாகப் பிரிக்கப்பட்டது. 1940இல் திறந்த சிலிமன் கல்லூரி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஞ்ஞான மாணவருக்கென எழுந்த பழைய விடுதியையும் மண்டபத்தையும் இடிக்காது தன்னுள் இணைத்துக்கொண்டது. பழையதும் புதியதும் ஒரே முற்றத்தைச் சூழ்ந்து நிற்கலாம் என்பதை இது காட்டிற்று.

எனினும், இணைத்தல் யாண்டும் இயலும் என்று கொள்ளலாகாது. மாணவன் துயிலும் அறை ஒவ்வொன்றுக்கும் வெளிச்சுவரும் சாளரமும் வேண்டும். பழைய விடுதி ஒன்றில் அவை முன்னரே உள்ளன. நூலகத்தின் உள்ளிடமோ நூல்களை வெயிலினின்று காக்க வேண்டி ஆழமாகவும் இருளாகவும் அமைவது. ஆய்வுகூடம் பொறிகளை நிறுத்துதற்கு உயர்ந்த பெருங்கூடமாக அமைவது. அவற்றை நூற்றுக்கணக்கான சிற்றறைகளாகப் பிரித்தால், பல அறைகளுக்கு ஒளியும் காற்றும் கிட்டா. நீர்க்குழாய், தீக்காப்புப் படிக்கட்டு, மாற்றுத் திறனாளிகளுக்கான வழி ஆகியவற்றையும் புதிதாகப் புகுத்த வேண்டும். சிலவிடத்து இச்செலவு புதிய கட்டடத்தின் செலவை மிஞ்சும்.

எண்ணூறு புதிய இடங்கள்

இவ்விடர்ப்பாடு 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் தோன்றியது. கற்க விரும்பி விண்ணப்பித்தோர் தொகை பன்மடங்கு உயர்ந்தது. விடுதி இடமோ உயரவில்லை. 2008இல் யேல் மேலும் இரு கல்லூரிகளை அமைக்க முடிவு செய்தது. தெரிந்த நிலத்தில் ஏற்கெனவே பல கட்டடங்கள் நின்றன. உலோகவியல் ஆய்வுகூடமாகத் தொடங்கிய ஹமண்ட் மண்டபம் அவற்றுள் ஒன்று. 1982இல் திறந்த மட் நூலகம் மற்றொன்று. கட்டட மரபு பேணுவோர் ஹமண்ட் மண்டபத்தைக் காக்குமாறு வேண்டினர். வேண்டுகோள் பயன் தரவில்லை. இரண்டும் அகற்றப்பட்டன.

உலகப் பொருளாதார நெருக்கடியால் வேலை தாமதித்தது. 2013இல் சார்ள்ஸ் ஜோன்சன் என்னும் பழைய மாணவர் 25 கோடி டொலர் வழங்கினார். 2017இல் புதிய கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஒன்று பெஞ்சமின் பிராங்கிளின் பெயரையும், மற்றொன்று போலி மறேயின் பெயரையும் பெற்றன. மறே அம்மையார் கறுப்பின உரிமைக்கும் பெண்ணுரிமைக்கும் போராடிய சட்ட அறிஞர். 1965இல் யேலிற் சட்ட ஆய்வுப் பட்டம் பெற்றவர். ஒவ்வொரு கல்லூரியிலும் ஏறத்தாழ 450 மாணவர் தங்கலாம். இவற்றின் பயனாக, சுமார் 5,400 ஆக இருந்த இளநிலை மாணவர் தொகை 6,200 அளவுக்கு உயர வழி பிறந்தது.

எண்ணூறு இடம் என்பது வெறும் கணக்கன்று. விடுதி இல்லாத மாணவனுக்கு வாடகை அறையே புகலிடம். நகரத்து வாடகை ஏற ஏற, வறிய மாணவன் தொலைவிற் சென்று தங்குகிறான். மாலை நேர நூலகத்தையும், ஆசிரியரோடு உரையாடும் வாய்ப்பையும் இழக்கிறான். ஆகவே, விடுதியைக் கட்டாது விடுதலும் ஓர் இழப்பே. அவ்விழப்பு இடிந்த சுவரைப்போல் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

அளவுகோல்

யேலின் வரலாற்றினின்றும் சில முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, முதுமை ஒன்றே காத்தற்குப் போதிய காரணமாகாது. பழுது ஒன்றே இடித்தற்குப் போதிய காரணமும் ஆகாது. 1982இற் கட்டிய நூலகம் நாற்பது ஆண்டும் நிலைக்கவில்லை. 1750இல் தொடங்கிய மண்டபம் இன்றும் நிற்கிறது. இரண்டாவது, புதிய தொகுதிக்குள் பழையதை இணைக்க இயலுமா என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்; செங்கல்லும் சுண்ணமும் உருக்கும் ஆக்குதற்குச் செலவிட்ட எரிபொருளை மீளப் பெற முடியாதாகலின், நிற்கும் சுவரைப் பயன்படுத்துதல் இயற்கைக்கும் நன்மை. மூன்றாவது, பழைய கட்டடம் செய்துவந்த பணிக்கு வேறிடம் ஆயத்தமாகும் முன் கடப்பாரை எடுத்தலாகாது. நான்காவது, இடிப்பதாயின், புதிய விடுதியால் எத்தனை மாணவருக்கு, எத்தகைய மாணவருக்கு, இடம் கிடைக்கும் என்பதை வெளிப்படையாகக் கூறுதல் கடன். அழகுக்காகவும் பெயருக்காகவும் இடிப்பது வேறு; வாயிலில் நிற்கும் மாணவனுக்காக இடிப்பது வேறு.

இவையனைத்துக்கும் மேலாக, ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சான்றேனும் எஞ்சுதல் வேண்டும். செங்கல் வரிசை முழுவதும் நின்றிருந்தால் யேல் வளர்ந்திராது. முழுவதும் வீழ்ந்திருந்தால் யேல் தன்னைத் தான் அறிந்திராது. எட்டுக் கட்டடங்களில் ஏழு வழிவிட்டன, ஒன்று நின்றது. வழிவிட்டவற்றால் இடம் பெற்ற மாணவர்களே, நின்றதன் வரலாற்றைப் பின்னாளில் வினவவும் தகுதி பெற்றனர்.