கண்ணாடிக்குள் ஒரு கவசம்

வெண்ணந்தூரில் விசைத்தறிகளின் ஓசையோடு விடியும் பொழுதில், கூரைமேல் சாய்ந்திருக்கும் சூரியப் பலகையை அண்ணாந்து நோக்குவோரில், அதன் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய சிலிக்கன் வில்லைகளை இருபுறமும் தழுவிக் காக்கும் பிளாஸ்டிக் படலத்தை நினைப்பவர் மிகச் சிலரே.

ஈ.வி.ஏ. என்று சுருக்கமாக வழங்கும் எத்திலீன் வினைல் அசிடேட்தான் அது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள, வெண்மை மங்கிய அத்தாளை வில்லைகளின் மேலும் கீழும் விரித்து, காற்றை உறிஞ்சிவிட்டு, ஏறக்குறைய 150 டிகிரி உஷ்ணத்தில் அழுத்துகையில், அது உருகி ஸ்படிகம்போல் தெளிந்து, தன் மூலக்கூற்றுச் சங்கிலிகளைப் பாவும் ஊடையுமாகப் பிணைத்துக்கொள்வதால், பின்னர் எத்தனை கடும் வெயிலிலும் உருகி ஓடுவதில்லை. தறிக்காரருக்கு இதைவிட விளக்கம் வேண்டுமோ!

1975இல் அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஆராய்ச்சியே, விலைமிகுந்த சிலிக்கோன் காப்புப் பொருளுக்கு மாற்றாக இதனைப் பிரபலப்படுத்திற்று. ஆயினும் இது தோஷமற்ற பொருளன்று. கலிபோர்னியாவின் கரிசா சமவெளியில், ஆடிகளால் ஒளியைப் பெருக்கிய பலகைகளில் இப்படலம் பழுப்பேறி, மின் விளைச்சல் குன்றியது; ஈரம் புகுந்தாலோ, காடிக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம் பிறந்து, வில்லையின் வெள்ளிக் கோடுகளை அரிக்கிறது. இருபுறமும் கண்ணாடி பதித்த பலகைகளில், அவ்வமிலம் பிறவாத பாலியோலிஃபின் படலம் இப்போது இடம்பெறுகிறது.

கமுதியில் 2016இல் எழுந்த 648 மெகாவாட் நிலையத்தில் மட்டும் ஏறத்தாழ 25 லட்சம் பலகைகள் உள்ளன. பலகைக்கு வழங்கும் 25 ஆண்டு உத்தரவாதம், என் அபிப்பிராயத்தில், வில்லையைவிட இப்படலத்தையே பெரிதும் நம்பித் தரப்படுவது; ஆகையால் வாங்குவோர் வாட் கணக்கோடு, உள்ளே எந்தப் படலம் என்பதையும் கேட்டறிவது அவசியம்.