கம்போ குழம்பு: மாவு கருகினால் ஏன் கொட்டிவிட வேண்டும்?

அமெரிக்காவின் லூசியானாவில் கேஜுன், கிரியோல் என இரண்டு சமையல் மரபுகள் உண்டு. 1755 முதல் கனடா பக்கமிருந்து பிரிட்டிஷார் விரட்டிய அகேடிய பிரெஞ்சு மக்களின் வழிவந்தது கேஜுன். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க ருசிகள் நியூ ஆர்லியன்ஸில் கலந்து உருவானது கிரியோல். இரண்டு வீட்டு அடுப்பிலும் கொதிப்பது கம்போ.

இதன் உயிர், 'ரூ' எனப்படும் வறுத்த மாவு. அரை கப் எண்ணெய், அரை கப் மைதா. அடி கனமான பாத்திரத்தில், மிதமான தீயில், சாக்லேட் நிறம் வரும்வரை கிளற வேண்டும். 30 முதல் 45 நிமிடம் ஆகலாம். நடுவில் போன் வந்தாலும் எடுக்கக் கூடாது.

கரும்புள்ளி தெரிந்தால் அவ்வளவுதான். அந்தக் கசப்பு குழம்பு முழுக்க இறங்கிடும். கொட்டிட்டு புதுசா ஆரம்பிக்கிறதுதான் ஒரே வழி. அதனால்தான் வெங்காயம், செலரி, குடைமிளகாயை முன்கூட்டியே நறுக்கி வைக்கிறார்கள். நிறம் வந்ததும் அவற்றைப் போட்டால் சூடு தணிந்து, மாவு மேலும் கருகாது. பிறகு கோழி வேகவைத்த சாறும் கோழித் துண்டுகளும் சேரும்.

மாவு சிவக்கச் சிவக்க, குழம்பைக் கெட்டியாக்கும் சக்தி குறையும். அதை ஈடுகட்டுவது வெண்டைக்காயின் வழவழப்பு. 'கம்போ' என்ற பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சுடுசோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடலாம்.