மாத்திரையா, ஊசியா?

நீர் மிகுதியாக இழிவதால் நீரிழிவு. அந்நீரில் இனிப்புக் கலந்திருப்பதால் இனிப்புநீர். முன்னது நூல் வழக்கு. பின்னது மலேசியத் தமிழரின் பேச்சு வழக்கு. கிழக்குக்கரை இரயில் பாதை பிரியும் கெமாசைச் சூழ்ந்த தோட்டப்புறங்களில் இச்சொல்லை அறியாதார் இலர். 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வு ஆய்வு, வயது வந்த மலேசிய இந்தியருள் நூற்றுக்கு 31 பேர் இந்நோய் உடையர் எனக் காட்டியது.

நோயுற்றோர் மாத்திரைக்கு இசைகின்றனர். ஊசி என்றதும் அஞ்சுகின்றனர். "ஊசி போட்ட பிறகுதான் அவருக்குக் கால் போச்சு" என்பாரும் உளர். இவ்வச்சம் பொருந்துமா?

மாத்திரை செய்வது யாது?

இரைப்பையின் பின்னே உள்ள கணையத்தில் இன்சுலின் சுரக்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் அணுக்களுள் புக அது துணைசெய்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குன்றுகிறது. மெட்பார்மின் மாத்திரை, ஈரல் சர்க்கரையை மிகுதியாக வெளிவிடாமல் தடுக்கிறது. கிளிக்லசைடு, கணையத்தைத் தூண்டிச் சுரக்கச் செய்கிறது. இவை இன்சுலின் அல்ல; உடலில் எஞ்சியுள்ள இன்சுலினைக் கொண்டே பயன் தருவன. அது மிகவும் குறைந்துவிட்டால் இவை மட்டும் போதா.

இன்சுலினை ஏன் விழுங்கலாகாது?

இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பும் மீனும் செரிப்பதுபோல் அதுவும் செரித்து அழியும். ஆதலின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் ஊசியால் செலுத்துகின்றனர். 1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் என்போர் கணையத்திலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. இற்றைநாள் ஊசியோ மிக மெல்லியது; எழுதுகோல் வடிவிலும் கிடைக்கிறது.

ஊசிகள் எல்லாம் இன்சுலின் அல்ல என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. செமாகுளுடைடு என்பது குடலில் சுரக்கும் ஓர் இயக்குநீரைப் போன்றது, பசியையும் குறைக்கிறது. முன்னர் ஊசியாக மட்டுமே இருந்த இம்மருந்து, 2019இல் அமெரிக்காவில் மாத்திரையாகவும் இசைவு பெற்றது. எனவே ஊசி கடுநோய்க்கு, மாத்திரை எளிய நோய்க்கு என்னும் பாகுபாடு பொருந்தாது.

கால் போனது எதனால்?

1998இல் வெளியான பிரித்தானியப் பேராய்வு இவ்வையத்தைத் தீர்க்கிறது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்க்குக் கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடு நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டோரும் இன்சுலின் இட்டுக்கொண்டோரும் இந்நன்மையைப் பெற்றனர். காப்பது கட்டுப்பாடே என்பது இதனால் பெறப்படும். ஊசிக்கு அஞ்சிப் பல ஆண்டு காலந்தாழ்த்தியவரின் நரம்பும் குருதிக்குழாயும் முன்னரே கெட்டிருக்கும். பின்னர்ப் புண் ஆறாமல் காலை இழக்க நேர்ந்தால், பழி ஊசிமேல் விழுகிறது. கெடுத்தது தாழ்த்திய காலம், ஊசியன்று.

இன்சுலினிலும் எச்சரிக்கை வேண்டும். விடியுமுன் பால் மரம் வெட்டவோ செம்பனைக் குலை அறுக்கவோ செல்வோர், இன்சுலினோ கிளிக்லசைடோ எடுத்தபின் உண்ணாதிருந்தால் சர்க்கரை அளவு மீறித் தாழும். வியர்வை, நடுக்கம், மயக்கம் அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்து, பின்னர் உணவு கொள்ளல் வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. மருத்துவமனைக்கே கொண்டு செல்லல் வேண்டும். வேலை நேரத்தை மருத்துவரிடம் கூறினால், மருந்து வேளையை அதற்கேற்ப அவர் வகுத்துத் தருவார்.

ஆகவே, மாத்திரையா ஊசியா என்பது வீரத்தையோ விதியையோ பற்றிய வினாவன்று. கணையத்தின் நிலையைப் பற்றிய வினா. அதற்கு விடை தருவது குருதிச் சோதனை. அண்டை வீட்டார் சொல் அன்று. தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் பெற்றோரிடம் இவ்வுண்மையை எடுத்துரைப்பின், சில கால்களேனும் காக்கப்படும்.