உங்களுக்குத் தெரியுமா? ஒரே நாடு, இரண்டு பூட்டு

2001 ஜூனில் ரிசர்வ் வங்கி, இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் பூட்டு (குறியாக்கம்) வேண்டும் என்றது. அதே இந்தியாவின் இணைய சேவை உரிம விதியோ, முன் அனுமதி இல்லாமல் 40 பிட் வரைதான் என்றது! மதுரை மாசி வீதியில் உட்கார்ந்து கணக்கு பார்த்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

• 40 பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். கேட்கத்தான் பெரிது. 1997-ல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இயான் கோல்ட்பர்க், சுமார் 250 கணினிகளை இணைத்து மூன்றரை மணி நேரத்தில் அதை உடைத்தார். ஒரு சினிமா பார்த்து, டீ குடித்து வீடு திரும்பும் நேரம்.

• இணையத் தரவைக் கடத்தும் ரவுட்டரிலும் இப்படிப் பூட்டு உண்டு; ஆனால் பெட்டியைப் பார்த்தால் அதன் பலம் தெரியாது. துப்பு, உள்ளே ஓடும் மென்பொருளின் பெயரில் இருக்கிறது. சிஸ்கோ நிறுவன ரவுட்டரின் மென்பொருள் கோப்புப் பெயரில் ‘கே9’ இருந்தால் வலுவான குறியாக்கம்; பழைய ‘கே8’ என்றால் 56 பிட் டெஸ் முறை போன்ற பலவீனமான குறியாக்கம். ‘கே9’-ஐ அடுத்து ‘என்.பி.இ.’ என்றும் இருந்தால், இறக்குமதிக் கட்டுப்பாடுள்ள நாடுகளுக்காகத் தரவைப் பூட்டும் வசதியையே எடுத்துவிட்ட பதிப்பு.

• குறியாக்கமே இல்லாத பழைய பதிப்பில் ரவுட்டருக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். கிடையாது. பூட்டில்லாத டெல்நெட்தான். பாஸ்வேர்டு கம்பியில் அப்படியே, எழுத்தெழுத்தாகப் போகும்.

மதுரை டவுன்ஹால் ரோட்டில் பழைய சிஸ்கோ ரவுட்டருக்கு விலை பேசுகிறீர்களா? ‘ஷோ வெர்ஷன்’ கட்டளையை அடித்து, ‘கே9’ இருக்கிறது, ‘என்.பி.இ.’ இல்லை என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.